வளைவில் குனிந்திருந்தவர்

அவருடைய ஸ்டுடியோவுக்குப் பெயர்ப்பலகை உண்டு. யாரும் அதைப் படித்ததில்லை. ‘கண்ணைத் திறங்க கடை’ என்றால்தான் ஊருக்குத் தெரியும். பாஸ்போர்ட் படம் எடுக்க உட்காருகிறவர்களிடம் அதைப் பத்துத் தடவையாவது சொல்லிவிடுவார். முப்பது வருஷமாக அதே ஸ்டூல், அதே நீலத் திரை. அதற்கு முன்னால் நீராவி எஞ்சினில் கரி அள்ளிப் போட்டவர். அந்த வேலையை ஏன் விட்டீர்கள் என்று கேட்டால், “முதுகு வலி” என்று பேச்சை முடித்துவிடுவார்.

பழைய நீராவி ரயில் ஒன்றை ஒரே ஒரு நாள் மலைப்பாதையில் ஓட்டப் போகிறார்கள், படம் பிடிக்கிறவர்களுக்காக வழியில் நிறுத்தவும் செய்வார்கள் என்று கேள்விப்பட்ட மகன், அப்பா சந்தோஷப்படுவார் என்று இரண்டு டிக்கெட் வாங்கி அனுப்பினான். 

“கடையை யார் பார்த்துக்கிறது?” என்றார்.

“ஒரு நாள் கடை மூடினா யாரும் வெளிநாடு போகாம நின்னுட மாட்டாங்க. கிளம்புங்க,” என்றாள் மனைவி.

காலை வெயிலில் ரயில் ஆற்றை ஒட்டி ஏறியது. ஜன்னலுக்கு வெளியே அருவி தெரிந்தால் பெட்டி முழுக்க எழுந்து அந்தப் பக்கம் சாயும். அவர் மட்டும் மடியில் கேமராவை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார். கரிப்புகை வாசம் பெட்டிக்குள் வந்தது. இரண்டாவது பாலம் தாண்டியதும் வண்டி நின்றது.

“எல்லாரும் இறங்கிக் கயித்துக்குப் பின்னால நில்லுங்க,” என்றார் பயண ஏற்பாட்டாளர். “வண்டி பின்னாடி போய், நல்லாப் புகை விட்டுக்கிட்டு இந்த வளைவுல திரும்ப வரும். அப்ப எடுத்துக்கலாம்.”

இறங்கியவர் இடத்தைப் பார்த்தார். அதே வளைவுதான்.

இந்த வளைவில் டிரைவருக்கு முன்னால் இருப்பது தெரியாது, கொதிகலன் மறைத்துவிடும். எஞ்சினில் மறுபக்கம் நின்று கரி போடுகிறவர்தான் பார்த்துக் குரல் கொடுக்க வேண்டும். முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் காலை, தண்டவாளத்தில் கிடந்த ஒரு சாக்குமூட்டையைப் பார்த்து இவர், “முன்னாடி ஆளு” என்று கத்தி வண்டியை நிறுத்தவைத்துவிட்டார். டிரைவர் வழி முழுக்கச் சிரித்தே இவர் மானத்தை வாங்கினார். அன்று மத்தியானம் மழைக்காற்றில் இந்த வளைவுக்குள் வந்தபோது, தண்டவாளத்தில் ஒருவர் முதுகைக் காட்டிக் குனிந்து ஆணி முடுக்கிக்கொண்டிருந்தார். தண்டவாளத் தொழிலாளிகள் கடைசி நேரத்தில் விலகிவிடுவார்கள், தினம் பார்ப்பதுதானே என்று இவர் வாயைத் திறக்கவில்லை. இரண்டு மூச்சு விடும் நேரம்தான். அவர் விலகவில்லை. விசாரணையில் இவர், “கரி அள்ளிக்கிட்டிருந்தேன், பார்க்கலை” என்றார். எல்லோரும் நம்பினார்கள்.

இப்போது வளைவுக்கு அப்பால் ஊதல் கேட்டது. கயிற்றோரம் நின்றவர்கள் கேமராவைத் தூக்கினார்கள். அவரும் தூக்கினார். புகையைக் கிழித்துக்கொண்டு எஞ்சின் திரும்பியபோது, கேமராக் கண்ணாடிக்குள், தண்டவாளத்தின் நடுவே நனைந்த சட்டையோடு ஒரு முதுகு குனிந்திருந்தது.

“ஆளு,” என்று கத்தினார். “முன்னாடி ஆளு. நிறுத்துங்க.”

கூட்டம் பதறிப் பின்வாங்கியது. பிரேக் கிறீச்சிட்டு வண்டி தள்ளாடி நின்றது. புகை விலகியதும் தண்டவாளம் காலியாக இருந்தது. ஏற்பாட்டாளர் ஓடி வந்து, “யாருமே இல்லையேங்க. எல்லார் படத்தையும் கெடுத்துட்டீங்களே,” என்றார்.  மனைவி முழங்கையைப் பிடித்துப் பெட்டியில் கொண்டுபோய் உட்காரவைத்தாள்.

“யாரைப் பார்த்தீங்க?” என்றாள்.

சொன்னார். சாக்குமூட்டையிலிருந்து விசாரணை வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னார். 

“அந்த ஆளுக்குக் குடும்பம்?”

“ஒரு பொண்ணு. பள்ளிக்கூட உடுப்போட விசாரணைக்கு வந்திருந்தா. எங்கப்பா கடைசியில திரும்பிப் பார்த்தாரான்னு என்கிட்ட கேட்டா. தெரியாதும்மான்னு சொல்லிட்டேன்.”

“பார்த்தாரா?”

“பார்த்தாரு.”

மனைவி எழுந்து எதிர் இருக்கைக்குப் போய் உட்கார்ந்தாள். ஊர் வந்து சேரும்வரை அங்கேயே இருந்தாள். ஆனால் மறுநாள் காலை, “அந்தப் பொண்ணு எங்க இருக்குன்னு விசாரிங்க,” என்றாள்.

கண்டுபிடிக்க மூன்று மாதம் ஆனது. மலையடிவாரத்தில் தையல் கடை வைத்திருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. அவர் நின்றுகொண்டே சொல்லி முடித்தார். அவள் மிஷினை நிறுத்தினாள்.

“நீங்க குரல் கொடுத்திருந்தா அப்பா பிழைச்சிருப்பாரா?”

“தெரியலைம்மா. கொடுத்திருக்கணும்.”

“திரும்பிப் பார்த்தாரா?”

“பார்த்தாரு. என்னைத்தான் பார்த்தாரு.”

அவள் வெகுநேரம் துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். திட்டவில்லை, மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. “அஞ்சு மணிக்கு பஸ் இருக்கு. அதை விட்டா நாளைக்குத்தான்,” என்றாள்.

அதற்குப் பிறகும் தண்டவாளத்தில் குனிந்திருந்த அந்த மனிதர் அவர் கனவில் வருவது நிற்கவில்லை. முன்பெல்லாம் முதுகு மட்டும்தான் தெரியும். இப்போது திரும்பிப் பார்க்கிறார்.