பெயர் போடாத ஐந்து கத்திகள்

எனக்குக் காத்திருக்க வராது. பஸ் ஸ்டாப்பில்கூட ஓரிடத்தில் நிற்கமாட்டேன். அவசரக் குடுக்கை என்று அக்கா திட்டுவதில் தப்பில்லை. அப்படிப்பட்ட நான் ஒரே ஒரு காரியத்தை மட்டும் இரண்டு வருடம் தள்ளிப்போட்டேன். நான் செய்த கத்திகளில் பெயர் போடவில்லை.

பள்ளியில் வேதியியல் டீச்சர் நான். விவேக் நகர் வீட்டு மொட்டை மாடியில், தகரக் கூரைக்குக் கீழே, சனி ஞாயிறுகளில் வீடியோ பார்த்துக் கத்தி செய்யப் பழகினேன். எஃகைத் தேய்த்து வடிவம் எடுப்பது, சூடேற்றி எண்ணெயில் முக்குவது, மரப்பிடி ஒட்டுவது. "பேரு போடுடி" என்பாள் அக்கா. இனிஷியல் அப்பாவுடையதா, வீட்டுக்காரருடையதா என்று முடிவாகவில்லை என்பேன். அது சாக்கு. யாராவது பார்த்துச் சிரித்தால், அது நான் செய்ததில்லை என்று நழுவ ஒரு வழி வேண்டியிருந்தது.

கிறிஸ்துமஸுக்கு அக்கா என் கத்திகளில் ஐந்தைக் கேக்கோடு சேர்த்துத் தெரிந்த வீடுகளுக்குக் கொடுத்தாள். என் பெயரைச் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தேன். யாரும் ஒரு குறையும் சொல்லவில்லை. எல்லாம் நன்றாக வெட்டுகின்றன போல என்று நானே மெச்சிக்கொண்டேன்.

தவக்காலத்தில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வெளியே வந்தால், அக்காவோடு பாடகர் குழுவில் பாடுகிற பெண் கையில் கட்டோடு நிற்கிறாள்.

"பூசணிக்கா வெட்டிட்டு இருந்தேன் மிஸ். பிடி அப்படியே கையோட வந்துருச்சு. மூணு ஸ்டிச்."

"யாரு செஞ்ச கத்தி?"

"யாருக்குத் தெரியும்? உங்க அக்கா குடுத்தது. பேரே இல்ல. இருந்திருந்தா சும்மா விட்டிருப்பேனா?"

ஐந்து பிடிகளையும் ஒரே மாலையில் ஒட்டியிருந்தேன். அந்தப் பசை இரண்டு டியூபாக வரும், இரண்டையும் சரிக்குச் சரி கலந்தால்தான் இறுகும். நான் கண்ணளவில் பிதுக்கிக் கலந்தேன். அளக்காமல் ஊற்றும் பிள்ளைகளை லேபுக்கு வெளியே நிறுத்துகிறவள் நான்.

"நான்தான் செஞ்சேன்" என்றேன்.

கோவில் வாசல் என்றும் பார்க்காமல் திட்டினாள். திட்டி முடித்து, "மத்ததெல்லாம் யாரு வீட்ல இருக்கு? முதல்ல போய் வாங்கிட்டு வாங்க மிஸ்" என்றாள்.

அன்று மத்தியானத்துக்குள் மூன்றைத் திரும்ப வாங்கிவிட்டேன். கடைசிக் கத்தி பிரேசர் டவுனில், தனியாக இருக்கும் ஒரு ஆன்ட்டி வீட்டில். அவர் கொடுக்கமாட்டேன் என்றுவிட்டார். கனடாவிலிருந்து மகன் அனுப்பிய பார்சலும் அக்கா வைத்துவிட்டுப் போன கேக் பையும் ஒரே நாளில் வந்திருக்கின்றன.

"இது என் மகன் அனுப்பினது. ஃபாரின் கத்தி."

"இல்ல ஆன்ட்டி, நான் செஞ்சது. பிடி கழண்டுரும், கைய வெட்டிரும்."

"நீ செஞ்சதுன்னா பேரு எங்க?"

திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதில் ஒவ்வொரு கீறலும் எனக்குத் தெரிந்ததுதான், ஆனால் அவருக்குக் காட்ட ஒன்றுமில்லை. ஃபாரின் என்று சொன்னது உள்ளுக்குள் இனித்தது என்பதையும் மறைப்பானேன். அந்த நேரத்திலும் இனித்தது.

"சரி ஆன்ட்டி. சாணை பிடிச்சாவது தரேன், ஃப்ரீதான்" என்றேன். உடனே கொடுத்துவிட்டார்.

வீட்டில் லேசாக நெம்பியதும் பிடி கழன்றது. உள்ளே பசை பாதி இறுகாமல் பிசுபிசுத்தது. இந்த முறை சிரிஞ்சில் அளந்து ஒட்டினேன். இரண்டு நாள் அதைத் தொடாமல் இருப்பதற்குள் மாடிக்கும் கீழுக்கும் நடந்தே கால் வலித்தது. பிறகு உப்புத் தண்ணீரும் பேட்டரியும் வைத்து எஃகை அரித்து எழுத்துப் போட்டேன். அப்பா இனிஷியலும் இல்லை, வீட்டுக்காரர் இனிஷியலும் இல்லை. என் பெயரின் முதலெழுத்து மட்டும், 'அ'.

புதன்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆன்ட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"என்னம்மா இது? ஃபாரின் கத்தில சிலேட்டுல எழுதற மாதிரி 'அ' எழுதி வச்சிருக்க? கெடுத்துட்டியே!"

"அது என் பேரு ஆன்ட்டி. பிடி ஆடினா எனக்கு ஃபோன் பண்ணுங்க."

அவர் அந்த எழுத்தைக் கட்டைவிரலால் இரண்டு முறை தேய்த்துப் பார்த்தார். அது போகவில்லை.

"அப்ப இது அவன் அனுப்பலயா?"

இல்லை என்று தலையாட்டினேன். சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்று மனம் தவித்தது. அவர் கத்தியைச் சமையல் மேடையில் வைத்தார்.

"மழுங்கிச்சுன்னா இனிமே நீதான் வரணும்" என்றார்.