விண்வெளிப் படத்தை எழுதிய பிஜி நாடிக்காரர்

இன்று பிஜியின் நாடி நகரில், ஆக்லாந்துக்குக் குடிபெயரும் பக்கத்து வீட்டுக்காரருக்கு வழியனுப்பு விருந்து. நங்கோனா என்கிற மயக்கும் வேர்ச்சாறு குடிக்கிற கிண்ணம் மூன்றாவது சுற்று வந்ததும் அவருடைய மச்சான் ஆரம்பித்தார்.

உலகமே கொண்டாடும் அந்த விண்வெளிப் படங்களை எழுதியது தன்னுடைய மாமாவாம். ஹாலிவுட்காரன் திருடிவிட்டானாம்!

"ஆதாரம் என்ன அண்ணே?" என்றேன்.

"கதையப் பாரு தம்பி. பட்டாளம் பார்லிமென்ட்டப் புடிக்குது. நல்லவங்க மூட்டையக் கட்டிக்கினு வேற கிரகத்துக்கு ஓடுறாங்க. பிஜிக்காரன வுட்டா எவனுக்கு இது தோணும்?"

மறுக்க முடியவில்லை. அதற்குள் இன்னும் இரண்டு பேர், எழுதியது தங்கள் சித்தப்பாதான் என்று சண்டைக்கு வந்துவிட்டார்கள்.

"சரி, இங்கே நிஜமாகவே நடந்த ஆட்சிக் கவிழ்ப்புகளுக்குக் கதை எழுதியது யார்?" என்று கேட்டேன்.

எல்லோரும் கிண்ணத்துக்குள் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

உரிமை கோருகிறவர்கள் கமெண்டில் வரலாம்.