புளி போட்டுக் கழுவிய கிளாரினெட்

எனக்குக் கோர்வையாக எழுத வராது, மறதியும் உண்டு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலமான என் வீட்டுக்காரர் ஊதிய மரக் கிளாரினெட்டை, தையல் மெஷின் வாங்குவதற்காக மகள் செல்வி ஆன்லைன் ஏலத்தில் போட்டிருந்தாள். கடைசி நாளன்று, பளிச்சென்று இருக்கட்டுமே என்று குத்துவிளக்கைப் போலப் புளி போட்டுக் கழுவி வெயிலில் வைத்தேன். மரம் வெடித்துவிட்டது.

"வெலை ஏறுது ஆத்தா" என்று செல்வி போனைப் பார்த்துச் சிரித்தாள். பழைய படத்தை நம்பியல்லவா ஏலம் கேட்கிறார்கள்? வெடித்த கிளாரினெட்டை எடுத்து வந்து காட்டினேன்.

"இதென்ன வெளக்கா?" என்றவள், அழுதபடியே வெடிப்பைப் படமெடுத்துப் போட்டாள். கேட்டவர்கள் எல்லாரும் விலகினார்கள். கீரனூர்க்காரர் ஒருவர் மட்டும் போனில் பேசினார்; செல்வி நடந்ததைச் சொன்னாள்.

"பாதி வெலைக்கு எடுத்துக்கிறேங்க. ஒட்டுனா பழைய சத்தம் வந்துரும், அம்மாவக் கவலப்பட வேணாம்னு சொல்லுங்க."

வெடித்த மரத்தை ஒட்டினால் பழைய சத்தம் வருமா, என் ஆறுதலுக்காகச் சொன்னாரா? விவரம் தெரிந்தவர்கள் விசாரித்துச் சொல்லுங்கள்.