கோதண்டம் மூக்கு பார்த்த டிரம்

தலை உள்ளே, உடம்பு வெளியே. மேல்மூடியை அறுத்தெடுத்த நீல பிளாஸ்டிக் டிரம் ஒன்றுக்குள் கோதண்டம் தோள்வரை இறங்கியிருக்கிறார். மணலி சாலையில் போகிற டேங்கர் லாரிக்காரர்களுக்கு ஒரு லுங்கியும் இரண்டு கால்களும்தான் தெரியும். உள்ளே மூச்சை இழுக்கிற சத்தம் பெரிதாகக் கேட்கிறது. டிரம் வாங்க வந்த பெண்மணி, டாக்டர் என்ன சொல்லப் போகிறாரோ என்று நிற்பவளைப்போல அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். கடைசியில் தலை வெளியே வருகிறது. கண்ணை ஒரு தரம் மூடித் திறந்து, "சோக்கா கீது. தகிரியமா தண்ணி ஊத்து தங்கச்சி" என்கிறார். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

2004-ஆம் வருஷத்துக் கோடை இது. மழை போன வருஷமும் ஏமாற்றிவிட்டது. திருவொற்றியூரில் தண்ணீர் லாரி என்றைக்கு வரும் என்று லாரிக்காரனுக்கே தெரியாது. வந்த அன்றைக்கு வீட்டில் இருக்கிறதையெல்லாம் நிரப்பி வைத்துக்கொள்ள வேண்டும். குடமும் அண்டாவும் எத்தனை நாளைக்குக் காணும்? அதனால் வீட்டுக்கு ஒரு டிரம் என்று ஆகிவிட்டது. அந்தப் பக்கம் முகத்துவாரக்குப்பம் வரையில் எந்த வீட்டில் எட்டிப் பார்த்தாலும் மூலையில் ஒரு நீல டிரம் நிற்கும். "இது கோதண்டம் மூக்கு பாத்த டிரம்மு" என்று அந்த வீட்டுக்காரி பெருமையாகச் சொல்வாள்.

மணலியிலும் எண்ணூரிலும் இருக்கிற கம்பெனிகளுக்கு ரசாயனச் சரக்கு வருகிற டிரம்கள் இவை. காலியானதும் குத்தகைக்காரர் சௌக்கத் அலி அவற்றை ஏலத்தில் எடுத்து, லாரியில் கொண்டுவந்து கோதண்டத்தின் கொட்டகை வாசலில் தள்ளிவிட்டுப் போவார். கொதிக்கிற தண்ணீரும் சோடாக் காரமும் ஊற்றி, ஒரு பழைய இரும்புச் சங்கிலியை உள்ளே விட்டு, அடைப்பைத் திருகி மூடி, கோதண்டம் அதை முன்னும் பின்னும் உருட்டுவார். உள்ளே சங்கிலி போடுகிற சத்தத்தில் பக்கத்து டீக்கடை ரேடியோ அடங்கிவிடும். பிறகு மேல்மூடியை அறுத்து, தேங்காய் நாரும் மணலும் போட்டுத் தேய்ப்பார். கழுவின தண்ணீர் கொட்டகைக்குப் பின்னாலிருக்கிற கால்வாயில் போய் விழும். கால்வாய் ஏற்கெனவே கறுப்பு. நம்மால் புதிதாக அது என்ன கெட்டுவிடப் போகிறது என்பது அவர் சொல்லிக்கொள்கிற சமாதானம்.

கொட்டகையில் மூன்று வரிசை. முதல் வரிசை தண்ணீருக்கு. இரண்டாவது, சிமெண்ட் கலக்குகிற கொத்தனார்களுக்கு. மூன்றாவது எதற்கும் ஆகாதது. உடைத்து எடைக்குப் போட வேண்டியது. எது எந்த வரிசை என்பதைத் தீர்மானிக்கிறது மூக்கு. கம்பெனி ஒட்டிய சீட்டு பாதி கிழிந்திருக்கும், மீதி இங்கிலீஷில் இருக்கும். கோதண்டம் வைத்திருக்கிற பெயர்கள் வேறு. வெல்லப்பாகு என்றால் முதல் வரிசை. பூட் பாலிஷ் என்றால் கொத்தனாருக்கு. அழுகின வாழைப்பழம் என்றால், "த்தூ, கலீஜு" என்று காலால் உதைத்து மூன்றாவது வரிசைக்கு அனுப்பிவிடுவார்.

இதில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அவருடைய டிரம்மில் வேறு மூக்கு நுழையக் கூடாது. யாராவது விவரம் தெரிந்தவர்போலக் குனிந்து மோந்து பார்க்கப் போனால் போச்சு. டிரம்மைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். "இன்னா நைனா, எம் மேல நம்பிக்க இல்லியா? அப்பால எதுக்கு இங்க வந்துகினு கீற? போ, கடைல புச்சா வாங்கிக்க!" ஒருமுறை ஒரு போலீஸ்காரரையே இப்படி விரட்டியிருக்கிறார். போலீஸ்காரர் சிரித்துக்கொண்டே அவர் சொன்ன டிரம்மையே எடுத்துக்கொண்டு போனார்.

இந்த இரண்டு மூன்று வருஷமாக ஒரு புதுப் பழக்கமும் சேர்ந்திருக்கிறது. டிரம்மை விற்றதும் அவரே உருட்டிக்கொண்டு வாங்கினவர் வீட்டுக்குப் போகிறார். மூலையில் நிறுத்தி, விளிம்பில் அந்த வீட்டுக்காரியை மஞ்சள் குங்குமம் வைக்கச் சொல்கிறார். தண்ணீரை நிரப்பி, ஓரிரவு ஊறவிட்டு, மறுநாள் காலையில் திரும்பி வந்து முதல் டம்ளரைத் தானே மொண்டு குடிக்கிறார். மடமடவென்று குடிப்பதில்லை. வாயில் வைத்துக் கொஞ்ச நேரம் நிறுத்தி, மெல்ல விழுங்குகிறார். "தன் வாயில ஊத்திப் பாத்துட்டுத்தான் நம்ம புள்ளைங்களுக்குக் குடுக்குறாரு. அந்த மனசு யாருக்கு வரும்?" என்று தெருவே மெச்சிக்கொள்கிறது. இட்லிக்கடை குணசுந்தரி ஒருபடி மேலே போய், விநாயகர் சதுர்த்தி வசூலில் அவருக்கு ஒரு துண்டு வாங்கிப் போட்டுவிட்டாள்.

தெருவுக்குத் தெரியாதது, அந்த மூக்கு செத்து மூன்று வருஷம் ஆகிறது என்பது.

ஒரு நாள் காலையில் சீட்டே இல்லாத ஒரு டிரம்மின் அடைப்பைத் திருகித் திறந்தார். உள்ளேயிருந்து குப்பென்று ஏதோ அடித்தது. இரண்டு நாள் மூக்கில் ரத்தம் வந்து நின்றது. சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தார். அந்த வாரக் கடைசியில் சாப்பிட உட்கார்ந்து, "இன்னிக்கி இன்னா மே கொயம்பு?" என்று கேட்டார். அவருடைய மனைவி தாயம்மா முதலில் சிரித்தாள். அடுப்பில் கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. வாசனை தெருமுனைவரை போயிருந்தது. கேலி பண்ணுகிறார் என்று நினைத்தவள், அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

நானே வந்து மோந்து சொல்கிறேன் என்று அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். பெண்டாட்டி மூக்கை நம்பிக் கடை நடத்துகிறான் என்ற பேர் வேண்டாம் என்று மறுத்துவிட்டார். கடையைக் கட்டியிருக்கலாம். ஆனால் அந்தத் தெருவில் அவருக்கு இருந்தது அந்த ஒரு மரியாதைதான். அதனால் மூக்கின் வேலையை நாக்குக்கு மாற்றினார். டிரம்முக்குள் தலையை விடுவது வெறும் நாடகம். மறுநாள் குடிக்கிற அந்த முதல் டம்ளர்தான் பரிசோதனை. கசந்தாலோ எரிந்தாலோ, "அடில கீறல் கீது தங்கச்சி" என்று ஏதாவது சொல்லி டிரம்மை மாற்றிக் கொடுத்துவிடுவார். கசக்காததை விட்டுவிட்டு வருவார். மூக்கு போனால் நாக்கும் பாதி போய்விடுகிறது என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. வயிறு எரிகிறது என்று இப்போதெல்லாம் தயிர்ச் சாதத்தைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை.

இந்த நிலைமையில்தான் திட்டம் வந்தது. காலி டிரம் யார் பொறுப்பு என்று இத்தனை வருஷமாகக் கம்பெனிகள் அரசாங்கத்தையும் அரசாங்கம் கம்பெனிகளையும் கை காட்டிக்கொண்டிருந்தன. எந்தப் புண்ணியவான் உட்கார வைத்தானோ, இரண்டு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். இனி டிரம் ஏலத்துக்கு வராது. கம்பெனி வாசலிலேயே ஓட்டை குத்தப்படும். அப்புறம் அரைத்து உருக்கப் போய்விடும். வீடுகளில் ஏற்கெனவே இருக்கிற டிரம்மைக் கொண்டுவந்து கொடுத்தால், தண்ணீருக்கென்றே செய்த வெள்ளை டிரம் ஒன்று இனாம். பாதிச் செலவு கம்பெனிகளுடையது, பாதி அரசாங்கத்துடையது. நல்ல திட்டம்தான். குறை சொல்ல ஒன்றுமில்லை. கோதண்டத்துக்குக்கூட ஓட்டை குத்துகிற இடத்தில் ஒரு வேலை தருவதாகச் சொன்னார்கள்.

ரேஷன் கடைக்குப் பக்கத்து மைதானத்தில் முகாம் என்று பந்தல் போட்டு, பேனர் கட்டி, வெள்ளை டிரம்களை அடுக்கிவைத்தார்கள். ஒருத்தரும் வரவில்லை. வெள்ளை டிரம் நோஞ்சானாக இருக்கிறது, நீலம் பிடிக்கிற தண்ணீரில் பாதிகூட அது பிடிக்காது என்றார்கள். அதுகூடப் பரவாயில்லை. "கோதண்டம் அண்ணாத்த வாய்ல ஊத்திப் பாத்தது. இவனுங்க பேனரு கட்டிட்டா அது வெசமாயிடுமா?" என்றாள் குணசுந்தரி. அவள் பேத்திக்கு இரண்டு மாதமாக வாயெல்லாம் புண். லாரித் தண்ணீர்தான் காரணம் என்று அவள் லாரிக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். கோதண்டமும் அவளோடு சேர்ந்து லாரிக்காரனைத் திட்டினார். திட்டிவிட்டு வந்து அன்று ராத்திரிச் சாப்பாட்டை வேண்டாமென்றுவிட்டார்.

கம்பெனிகள் தரப்பில் முகாமைப் பார்த்துக்கொள்கிற மனோகரன் கொட்டகைக்கே வந்தார். மணலி புதுநகர்க்காரர், மரியாதையான மனுஷர். நாற்காலி இல்லாததால் கவிழ்த்துப் போட்ட ஒரு டிரம்மின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

"நாங்க சொன்னா நம்ப மாட்டேங்கிறாங்க கோதண்டம். நீங்க வந்து மைக்கில ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

"இன்னான்னு சார் சொல்லச் சொல்ற? இத்தினி வருசமா நான் குட்த்தது வெசம்னா?"

"எல்லாமே அப்படி இல்லைங்க. சிலது பிளாஸ்டிக்குள்ள ஊறிப்போயிருக்கும். எவ்வளவு கழுவினாலும் கொஞ்சம் கொஞ்சமா தண்ணியில இறங்கும். எது எதுன்னு உங்களுக்குத் தெரியாததா? உங்க மூக்கைப் பத்தித்தான் ஊரே பேசுதே."

மனோகரன் போன பிறகு கோதண்டம் ரொம்ப நேரம் அந்தக் கவிழ்த்த டிரம்மைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பயமாக இருந்தது. வேலை போகும் என்ற பயமல்ல.

சாயந்திரம் தாயம்மா தயிர்ச் சாதத்தை முன்னால் வைத்துவிட்டு, "சொல்லிட்டுப் போய்யா. அந்தக் கொயந்த வாயப் பாத்த இல்ல நீ?" என்றாள்.

"சொன்னா? மூணு வருசமா உள்ள தலய வுட்டு இன்னாத்த மோந்தேன்னு கேப்பாங்களே மே."

"கேக்கட்டும்."

"மூஞ்சில காறித் துப்புவாங்க."

துப்பத்தான் துப்புவார்கள் என்று தாயம்மாவுக்கும் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை முகாமின் கடைசி நாள். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கோதண்டம் வருவதைப் பார்த்ததும் மனோகரனுக்கு உயிர் வந்தது. மைக்கை எடுத்துக்கொண்டு எழுந்தார். கோதண்டம் பந்தலைத் தாண்டி நேரே போனார். குணசுந்தரியின் வீட்டுக்குள் ஒரு வார்த்தை கேட்காமல் நுழைந்து, மூலையிலிருந்த டிரம்மை இழுத்துச் சாய்த்தார். முந்தின நாள் லாரியில் சண்டை போட்டுப் பிடித்த தண்ணீர் வாசற்படி தாண்டித் தெருவில் ஓடியது.

"ஐயோ ஐயோ! அண்ணாத்த, இன்னா பேஜாரு இது? உனுக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா?" என்று அலறிக்கொண்டு குணசுந்தரி பேத்தியை இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டு ஓடிவந்தாள். இந்தத் தெருவில் யார் எதைக் கொட்டினாலும் கேட்க மாட்டார்கள். தண்ணீரைக் கொட்டினால் கொலை விழும். ஆளாளுக்கு வெளியே வந்துவிட்டார்கள். கோதண்டம் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் டிரம்மை மைதானம்வரை உருட்டிக்கொண்டு போனார். விளிம்பில் வைத்த மஞ்சளும் குங்குமமும் இன்னும் அழியாமல் சுற்றிச் சுற்றி வந்தன.

பந்தலுக்கு முன்னால் டிரம்மை நிமிர்த்தினார். மனோகரன் நீட்டிய மைக்கை வாங்கிக்கொள்ளவில்லை. எப்போதும்போல லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, தலையை உள்ளே விட்டார். மூச்சிழுக்கிற சத்தம் கேட்டது. ஒரு முறை, இன்னொரு முறை. கூட்டம் சத்தத்தைக் குறைத்துக்கொண்டது. குணசுந்தரிகூட அழுகையை நிறுத்திவிட்டு, அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். அண்ணாத்த மூக்கு என்ன சொல்கிறதோ அதுதான் முடிவு என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகமில்லை.

தலை வெளியே வந்தது. கண் கலங்கியிருந்தது. வழக்கமாகச் சொல்கிறதைச் சொல்லாமல் தாயம்மா எங்கே நிற்கிறாள் என்று கூட்டத்தில் ஒரு தரம் தேடிப் பார்த்துவிட்டு, குணசுந்தரியின் பக்கம் திரும்பினார்.

"நீ மோந்து சொல்லு தங்கச்சி" என்றார்.

அவள் விளங்காமல் விழித்தாள். கோதண்டம் டிரம்மைச் சாய்த்து, அதன் வாயை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.