மூன்றாம் குடிலின் தண்ணீர்

தண்ணீரைக் கீழே கொட்ட லாசெல்ஸுக்குக் கை வராது. ஜமைக்காவில் மழை குறைந்த செயின்ட் எலிசபெத் பக்கத்து ஆள் எவனுக்குமே வராது. முகம் கழுவிய தண்ணீரைத் தக்காளிச் செடிக்கு ஊற்றி, அந்த ஈரம் காயாமல் புல்லறுத்துப் பரப்பி மூடி வைக்கிற சனம் அது. அப்படிப்பட்டவரைக் கனடாவின் லீமிங்டனில் தன் பசுமைக்குடில்களின் தண்ணீருக்குப் பொறுப்பாகப் போட்டிருந்தார் முதலாளி ஹெங்க். பாலுக்குப் பூனையைக் காவல் வைக்காத புத்திசாலி என்று அவரே தன் முதுகில் தட்டிக்கொள்வார்.

வேலை இதுதான். குடிலின் சிமென்ட் தரையில் விரல்கடை உயரத்துக்குத் தண்ணீர் ஏற வேண்டும். பூச்சட்டிகள் அடித்துளை வழியாகக் குடித்து முடித்ததும் மிச்சத்தை வடித்துப் பெரிய தொட்டிக்கே திருப்ப வேண்டும். அதே தண்ணீர்தான் அடுத்த குடிலுக்கும். சொட்டு வீணாகாது. பருவம் முடிந்து ஊர் திரும்பும்போது, அடுத்த வருடத்துக்கு யார் யார் வேண்டும் என்று ஹெங்க் பெயர் சொல்லிக் கேட்பார். முதல் பெயர் எப்போதும் லாசெல்ஸ். பெயர் வராதவன் ஊரில் கிடந்து காய வேண்டியதுதான். லாசெல்ஸின் வாக்கை நம்பி, அவர் மனைவி வின்சமின் தம்பி கார்ஃபீல்டையும் ஹெங்க் சேர்த்திருந்தார்.

அந்த இலையுதிர் காலத்தில் எல்லாக் குடில்களிலும் கிறிஸ்துமஸுக்கான சிவப்பிலைச் செடிகள் நின்றன. மூன்றாம் குடிலில் வேரழுகல் கண்டது.

"அந்தத் தண்ணியைக் கழிவுக் குழிக்கு விடு லாசெல்ஸ். ஒரு வாளி தொட்டிக்குப் போனாலும் எல்லாம் போச்சு" என்றார் ஹெங்க்.

முதல் முறை சொன்னபடி விட்டார். கண்ணாடி மாதிரி தெளிந்த தண்ணீர், உரம் கரைத்த தண்ணீர், கடகடவென்று குழிக்குள் ஓடியது. கடைசிச் சொட்டு வரை குழியோரத்திலேயே நின்று பார்த்தார். மறுமுறை சுற்றும் பார்த்துவிட்டு வால்வைத் தொட்டிப் பக்கம் திருப்பினார். இதில் என்ன நோய் இருந்துவிடப் போகிறது என்று நினைத்தார். ஊரில் வளர்ந்த புத்தி வால்வைத் திருப்பியது. யாரையும் அவர் ஏமாற்ற நினைக்கவில்லை.

கொஞ்ச நாளில் மற்றக் குடில்களிலும் இலைகள் தொங்கின. பிடுங்கினால் வேர் பழுப்புக் குழம்பாகக் கையோடு வந்தது. அத்தனையும் குப்பைக்குப் போயின.

ஹெங்க் எல்லோரையும் நிற்க வைத்து, "கார்ஃபீல்ட், தண்ணியைத் தொட்டிக்கு விட்டது நீதான். மூட்டையைக் கட்டு" என்றார்.

"நான் வால்வு பக்கமே போகலை பாஸ்." கார்ஃபீல்ட் திரும்பினான். "அத்தான், நீங்களாவது சொல்லுங்க. தண்ணி உங்க பொறுப்புதானே."

லாசெல்ஸ் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்குக் கூரை போட்டது, மகளின் நர்சிங் படிப்பு எல்லாம் அந்த வாயில் வந்து அடைத்துக்கொண்டன. கார்ஃபீல்ட் பேருந்து ஏறியபோதும் அடைப்பு விலகவில்லை.

லாசெல்ஸ் ஒரு வாரம் தனக்குள் போராடிவிட்டு ஹெங்க்கின் அறைக்குப் போனார்.

"வால்வைத் திருப்பினது நான்தான் பாஸ். கொட்ட மனசு வரலை. அவனைத் திரும்பக் கூப்பிடுங்க, நான் போறேன்."

ஹெங்க் காபியை வைத்தார். "எனக்குத் தெரியாதா? தொட்டியில தண்ணி ஏறின நேரத்தைக் கம்ப்யூட்டர் காட்டுது. அப்ப கார்ஃபீல்ட் என்கூட லாரியில பெட்டி ஏத்திட்டு இருந்தான்."

"பின்ன ஏன் அவனை…"

"ஒருத்தனையும் அனுப்பலேன்னா மத்தவனுக்குப் பயம் இருக்குமா? உன்னை அனுப்பினா தண்ணிய யார் பாக்குறது? அடுத்த வருஷமும் உன் பேர்தான் முதல்ல. போ, கதவைச் சாத்திட்டுப் போ."

சண்டை போட்டிருக்கலாம். மூட்டையைக் கட்டியிருக்கலாம். லாசெல்ஸ் கதவைச் சாத்திவிட்டுத்தான் வந்தார். சத்தம் வராமல் சாத்தினார், அதுதான் கேவலம்.

ஞாயிற்றுக்கிழமை வின்சம் போனில் வந்தாள். "தம்பி முற்றத்துல உக்காந்திருக்கான். அத்தான் எனக்காகப் பாஸ்கிட்ட பேசினாரான்னு தினமும் கேக்குறான். என்ன சொல்லட்டும்?"

"பேசினேன், அவர் ஒத்துக்கலைன்னு சொல்லு."

அவள் முற்றத்தைப் பார்த்து அதைச் சொல்வது கேட்டது. பிறகு கார்ஃபீல்டின் குரல்: "பேசினாரா? அது போதும்க்கா. எனக்கு அத்தான் இருக்காரு."