அடியழிக்க ஜிம்முக்குப் போனவள்

இரண்டு வருடங்களுக்கு முன், தை மாதத்து ஒரு காலையில், திருகோணமலைத் துறைமுகப் பக்கம் ஒரு இரும்புக்கடையின் மேல்மாடியில் இருக்கும் ஜிம்முக்கு நான் முதன்முதலாகப் போனேன். படியேறி வாசலுக்கு வந்ததும் என்னை அறியாமலே செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டேன். கோவிலுக்கும் அடுத்த வீடுகளுக்கும் போய்ப் பழகிய கால்கள் வேறு என்ன செய்யும்? உள்ளே பார்த்தால் எல்லாப் பெண்களும் சப்பாத்தோடு நிற்கிறார்கள். ஐம்பதை நெருங்கும் நான் மட்டும், அகலமான சல்வாரும் வெறுங்காலுமாக, சுவர் முழுக்கக் கண்ணாடி வைத்த அந்த அறையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பெண்களுக்கான நேரத்தைப் பார்த்துக்கொள்பவள் கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு பிள்ளை. தலையை இறுக்க மூடிக் கட்டி, கையில் விசிலோடு நின்றாள். "அன்ரி, சப்பாத்து இல்லாம மெஷின்ல ஏற ஏலாது" என்றாள். அந்த 'அன்ரி' எனக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் அடுத்த நாள் என் கணவரின் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனேன். தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதற்காக வாங்கி, ஒருநாள்கூடப் போடாமல் அலுமாரிக்கு அடியில் கிடந்த சப்பாத்து அது. முன்பக்கம் கடதாசியைத் திணித்தபோது எனக்கும் ஒருமாதிரிப் பொருந்தியது.

ஏன் வந்தீர்கள் என்று அந்தப் பிள்ளை கேட்டாள். உடம்பு குறைக்க என்றேன். வீட்டிலும் அதைத்தான் சொல்லியிருந்தேன். உண்மையில் நான் போனது அடியழிக்க.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் அம்மன் கோவில் தேரன்று ஆண்கள் நிலத்தில் உருண்டு பிரதட்டை செய்வார்கள். பெண்கள் அடியழிப்பார்கள். தேருக்குப் பின்னால் முழங்காலில் விழுந்து, நெற்றி நிலத்தில் பட வணங்கி, எழுந்து, சில அடி வைத்து மறுபடி விழ வேண்டும். இப்படியே வீதி முழுவதும் சுற்றி வர வேண்டும். பார்க்கச் சின்ன விஷயமாகத்தான் இருக்கும். பங்குனி வெயிலில் ஒரு மூலை தாண்டிப் பார்த்தால்தான் அருமை தெரியும்.

நான் அந்த நேர்த்திக்கடனை வைத்தது ஒரு ஆஸ்பத்திரி விறாந்தையில். என் கணவருக்கு நெஞ்சு அடைத்து, இங்கிருந்து அம்புலன்ஸில் வெளியூருக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அவரைக் கொண்டுபோன அறைக் கதவு சாத்தியிருந்தது. இவரை எழுப்பி நடக்க வைத்துத் தா தாயே, உன் தேருக்குப் பின்னால் அடியழிக்கிறேன் என்று சொன்னேன். கதவு திறந்தது. ஆள் பிழைத்து வந்தார். வந்த கையோடு ஆஸ்பத்திரிச் சோறு சரியில்லை என்று குறையும் சொன்னார்.

அடுத்த தேருக்குப் போனேன். மற்றப் பெண்கள் எல்லோரும் தேரோடு ஒட்டிப் போக, நான் மட்டும் பின்தங்கிவிடுவேனோ என்று பதறி, விழுவதும் எழும்புவதுமாக ஓடினேன். முதல் மூலையிலேயே முழங்கால் மடங்கியது மடங்கியதுதான். அவருடைய தங்கை, என் மச்சாள், வந்து இரண்டு கையையும் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினாள். அன்று பின்னேரம் என் கணவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதிரையில் சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வெறும் வாயு என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நேர்த்தி குறையில் நிற்கிறது, அதுதான் அம்மன் ஞாபகப்படுத்துகிறாள் என்று என் மனதில் விழுந்துவிட்டது.

அன்றிலிருந்து நான் ஒரு இடத்தில் இருந்ததில்லை. அவர் இருமினால் குசினியிலிருந்து ஓடிவருவேன். வேலைக்குப் போனால் போன் எடுப்பேன். அவர் எடுக்கப் பிந்தினால் மறுபடி மறுபடி அடிப்பேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தால், மெல்லப் போய் மூக்குக்குக் கிட்ட விரலை வைத்துப் பார்ப்பேன். அவர் கண்ணைத் திறக்காமலே "இருக்கிறன், இருக்கிறன்" என்பார்.

அவருக்கு இந்த நேர்த்திக் கதையே பிடிக்காது. "உன்ர முழங்கால் நோவு அம்மனுக்குத் தெரியாதே? பேசாம ஒரு அருச்சனையைச் செய்திட்டு விடு" என்பார். மச்சாள் எனக்குப் பதிலாகத் தான் அடியழிப்பதாகச் சொன்னாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. என் வாயால் கேட்டது, என் உடம்பால்தான் கொடுக்க வேண்டும்.

ஆகவே ஜிம். எங்கள் வீடு இருக்கும் அன்புவழிபுரத்திலிருந்து அவர்தான் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கிவிடுவார். முடியும்வரை கீழே நின்று, பிறகு கூட்டிக்கொண்டு போவார். முதல் வாரம் படியிறங்கும்போது தொடை இரண்டும் கதறின. வீட்டில் கதிரையில் இருக்க ஒரு முறை, எழும்ப ஒரு முறை "அம்மாளாச்சி" என்று கூப்பிட்டேன். எங்கள் ஊர்த் தெருக்களில் மான்கள் மாடுபோலத் திரியும்; ஜிம் வாசலில் நாளும் மேயும் மான்கூட நான் இறங்கி வருகிற சீரைப் பார்த்து வாயில் இருந்ததை மென்று விழுங்க மறந்து நின்றது.

அந்தப் பிள்ளை சொல்லித் தந்தது எல்லாம் மெதுவாகச் செய்யும் வேலைகள். கதிரையில் இருந்து எழும்பு, சின்னப் பாரத்தைத் தூக்கு, மெஷினில் நட. எனக்கோ தேர் கிட்ட வருகிறதே என்ற பதற்றம். நடக்கும் மெஷினில் அவள் வைத்த வேகத்தை, அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் கூட்டுவேன். ஒரு பயிற்சி முடிந்ததும் இளைப்பாறச் சொல்வாள். நான் இளைப்பாறுவதாகப் பேர் பண்ணிக்கொண்டு போனை எடுத்துக் கீழே நிற்கும் அவருக்கு அடிப்பேன்.

"அன்ரி, போனை வைங்க. ஜன்னலடிக்குப் போய்க் கொஞ்சம் கடலைப் பாருங்க. மூச்சு அடங்கினாப் பிறகு அடுத்தது செய்வம்."

ஜன்னலுக்குக் கீழே கடற்கரை வீதி, அதற்கு அப்பால் துறைமுகத்துக் கப்பல்கள். பிறந்ததிலிருந்து பார்க்கிற கடல்தானே, அதில் என்ன புதிதாக இருக்கப்போகிறது? நான் சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

இது போதாதென்று வீட்டிலும் அறைக் கதவைச் சாத்திவிட்டு விழுந்து எழும்பிப் பழகினேன். நேர்த்திக்கு ஆயத்தம் என்றால் விரதமும் வேண்டுமே. மாசி பிறந்ததும் ஒருநேரச் சாப்பாட்டோடு நிறுத்தினேன். காலையில் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஜிம்முக்குப் போனேன். உடம்பை எவ்வளவு வருத்துகிறேனோ அவ்வளவுக்கு அம்மன் இரங்குவாள் என்பது என் எண்ணம். ஒரே உழைப்பில் இரண்டு புண்ணியம் என்று உள்ளுக்குள் பெருமை வேறு.

அந்தப் பெருமை நிலைக்கவில்லை. ஒரு நாள் பாரத்தைப் பிடித்துக்கொண்டு குந்தி எழும்பும்போது கண்ணாடியில் இருந்த நான் மெல்ல மங்கிப் போனேன். பிறகு கண் விழித்தபோது பாயில் கிடந்தேன். ஜிம்மில் எப்போதும் அலறும் பாட்டு நின்றிருந்தது. அந்தப் பிள்ளை என் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, சீனி போட்ட தேத்தண்ணியை நீட்டினாள்.

"ஏலாது பிள்ளை. விரதம்" என்றேன்.

அவள் முகம் மாறிவிட்டது. "விரதமா? அன்ரி, நாங்களும் நோன்பு பிடிக்கிற ஆக்கள்தான். அந்த மாசம் நான் இப்படிப் பாரம் தூக்குறல்ல. வெறும் வயித்தோட இங்க விழுந்து தலை அடிபட்டிருந்தா உங்கட வூட்டுக்கு நான் என்ன பதில் சொல்ற?"

கண்ணீர் வந்துவிட்டது எனக்கு. பாயில் கிடந்தபடியே எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். விறாந்தை, நேர்த்தி, முதல் மூலை, ஆட்டோ, எல்லாவற்றையும். அவள் கேட்டபடியே தேத்தண்ணியைக் குடிக்க வைத்தாள். கோப்பையை வாங்கி வைத்துவிட்டு, "அந்த அடியழிக்கிறது எப்படி? ஒருக்கா மெதுவாச் செய்து காட்டுங்க" என்றாள்.

பாயில் முழங்காலில் விழுந்து, நெற்றியை வைத்து, எழும்பிக் காட்டினேன். மற்றப் பெண்களும் தங்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அல்லாஹ்! இது பர்பி தானே. நான் நாலாவது மாசம்தான் உங்களுக்குத் தருவம் எண்டு வச்சிருந்த."

கீழே போய் மேலே வருகிற அந்தப் பயிற்சிக்கு அவர்களுடைய பெயர் பர்பி. இளசுகள்கூட அதன் பெயரைக் கேட்டால் முகத்தைச் சுளிப்பார்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டு, வெறும் வயிற்றோடு, வீக்கம் வைத்த முழங்காலோடு அதைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

அன்றிலிருந்து அவள் முறையை மாற்றினாள். எழும்பும்போது இடுப்பை இழுக்காதே, ஒரு காலை முன்னுக்கு ஊன்றி, தொடையில் கையை வைத்து எழும்பு. விழும்போது மூச்சை விடு. காலையில் இரண்டு வாழைப்பழமாவது சாப்பிடு. இவ்வளவும் எனக்கு வந்தது. வராதது ஒன்றே ஒன்றுதான், இளைப்பாறுவது. நெற்றியை நிலத்தில் வைத்தபடி மூச்சு அடங்கும்வரை இருக்கச் சொல்வாள். வைத்த உடனே எழும்பிவிடுவேன். சும்மா இருந்தால் மனம் எங்கெங்கோ ஓடியது.

ஒரு நாள் பொறுக்காமல் சொல்லிவிட்டாள். "அன்ரி, உங்களுக்கு முழங்கால் வருத்தம் இல்ல. ஒரு இடத்தில நிக்க ஏலாத வருத்தம்."

கோபம்தான் வந்தது. இரண்டு நாள் அவளோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. இவளுக்கு என்ன தெரியும், இவளுடைய ஆளா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான் என்று மனதுக்குள் பொருமினேன்.

தேர் வந்தது. காலையில் ஒரு இளநீர் குடித்தேன். ஈரச் சேலையோடு போய்த் தேருக்குப் பின்னால் பெண்களோடு நின்றேன். எங்கள் வழக்கப்படி அடியழிப்பவருக்கு முன்னால் வீட்டார் ஒருவர் வீதியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு போவார், சூடு தாங்காது என்று. மச்சாளைத்தான் கேட்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் வாளியோடு என் கணவர்.

"உங்களுக்கென்ன விசரே? டாக்டர் பாரம் தூக்கக் கூடாதெண்டு சொன்னவர். வையுங்கோ அதை!"

"அரை வாளிதானப்பா. நீ உன்ர வேலையைப் பார்" என்றார். தேர் அசைந்துவிட்டது. இனி என்ன செய்வது?

விழுந்தேன், எழும்பினேன், விழுந்தேன். என் கண் முழுக்க அந்த வாளியில். அவர் வெயிலில் நடக்கிறாரே, மூச்சு வாங்குமே என்ற பதற்றத்தில் முன்போலவே ஓடத் தொடங்கிவிட்டேன். முதல் மூலை தாண்டியது. இரண்டாவது மூலைக்குக் கிட்ட வந்தபோது மூச்சு இரைத்தது. விழுந்தேன். எழும்ப முடியவில்லை. போன முறை போலவே. மேளம் முன்னால் போய்க்கொண்டிருந்தது. மற்றப் பெண்களின் காலடி என்னைத் தாண்டிப் போனது. போச்சு, இந்த முறையும் போச்சு, இனி இவருக்கு என்ன நடக்கப்போகிறதோ என்று நினைத்தேன்.

அப்போதுதான் அந்த விசில்காரியின் குரல் காதுக்குள் வந்தது. மூச்சு அடங்கினாப் பிறகு அடுத்தது. வேறு வழியில்லாமல், வாழ்க்கையிலேயே முதன்முறையாக, அவள் சொன்னபடி செய்தேன். நெற்றியை ஈர நிலத்தில் வைத்தபடி அப்படியே இருந்தேன். எழும்ப முயலவில்லை. தேர் போகட்டும் என்று விட்டேன். மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. கன்னத்தை ஒரு பக்கம் திருப்பினேன்.

அந்த உயரத்திலிருந்து எனக்குத் தெரிந்தது அவருடைய கால்கள் மட்டும்தான். வெறுங்கால்கள். சூட்டு வீதியில் நிதானமாக முன்னால் நடந்தன. நின்றன. தண்ணீர் ஊற்றின இடத்தைத் தாண்டி இன்னும் கொஞ்சம் நடந்து, அவர் ஊற்றும்வரை நின்று, என்னிடம் திரும்பி வந்தன. ஒரு தள்ளாட்டம் இல்லை. கெண்டைக்கால் இறுகி, இளந்தாரியின் கால்போல இருந்தது. பிழைத்து வந்த நாளிலிருந்து அவருடைய மூக்கையும் நெஞ்சையும்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கால்களைப் பார்க்கவே இல்லை. எழுப்பி நடக்க வைத்துத் தா என்று கேட்டேனே, அது எனக்கு முன்னால் வாளியோடு நடந்துகொண்டிருந்தது.

"உங்களுக்கு இளைக்கேல்லையே?" என்று நிலத்தில் கிடந்தபடியே கேட்டேன்.

"இளைக்கிறதோ? நீ மேல ஜிம்மில நிக்கேக்க நான் கீழ கடற்கரை வீதியில நடக்கிறனான் தானே. ஒவ்வொரு நாளும். சப்பாத்தைத்தான் நீ கொண்டுபோயிட்டாய், செருப்போட நடந்தனான்."

அந்த ஜன்னலால் ஒரு தடவை எட்டிப் பார்த்திருந்தால் கண்டிருப்பேன்.

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அதில் இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்துவிட்டேன். கால்கள் கிட்ட வந்தன. அவர் குனிந்தார். குரலில் முதன்முறையாகப் பயம் தெரிந்தது. "இஞ்சேர், என்னப்பா? ஏலாட்டி விடு. இஞ்சேர்!"

"இருக்கிறன், இருக்கிறன்" என்றேன்.

பிறகு ஒரு காலை முன்னுக்கு ஊன்றி, தொடையில் கையை வைத்து, எழும்பினேன். தேர் வீதி சுற்றித் தன் இருப்பிடத்துக்கு வந்து, கூட்டம் அருச்சனைக்குக் கலைந்து, மேளக்காரர் சோடா குடிக்கப் போன பிறகுதான் நான் கோவில் வாசலுக்கு வந்து சேர்ந்தேன். எல்லோருக்கும் கடைசி. இடையில் எத்தனையோ தரம் நெற்றியை வைத்தபடி இளைப்பாறினேன். வாசலில் தண்ணீர் ஊற்ற வாளியில் ஒன்றும் மிச்சமில்லை. கடைசி வணக்கத்தைச் சுடு மண்ணில்தான் வைத்தேன். நெற்றி சுட்டது. மனம் ஆறியிருந்தது.

இப்போதும் ஜிம்முக்குப் போகிறேன். எனக்கென்று சப்பாத்து வாங்கிவிட்டேன், அவருடையதை அவரிடமே கொடுத்துவிட்டேன். அந்தப் பிள்ளை இன்னும் என்னை அன்ரி என்றுதான் கூப்பிடுகிறாள். விசில் ஊதி இளைப்பாறச் சொன்னால் போனைத் தொடாமல் ஜன்னலடிக்குப் போகிறேன். கீழே ஒரு மனிதர் கையை வீசிக்கொண்டு நடக்கிறார், சில நாள் மானோடு நின்று கதைக்கிறார். கேட்டது கிடைத்துவிட்டது என்பதைக் காண்பதற்குக்கூட ஒருவர் கொஞ்சம் நிற்கப் பழக வேண்டியிருக்கிறது என்று, மூச்சு அடங்கும்வரை அவரைப் பார்த்துக்கொண்டு நிற்கும் ஒவ்வொரு முறையும் எனக்குத் தோன்றும்.