வலி அண்ணனுக்கு, கேள்வி எனக்கு

போன வாரம் திண்டுக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரியில் என்னை வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். ஆமாம், என்னைத்தான்!

என் அண்ணனுக்குத் தாடிக்கொம்பில் மல்லிகைத் தோட்டம். ஆறு மாதம் முன்பு பக்கவாதம் வந்தது. கைகால் தேறிவிட்டது, பேச்சு மட்டும் திரும்பவில்லை. நாம் சொல்வதெல்லாம் புரியும். பதில் சொல்ல வாயைத் திறந்தால் ‘ப்பா... ப்பா...’ என்றுதான் வரும். எழுதவும் வராது. அண்ணி, மகளின் பிரசவத்துக்குப் போயிருப்பதால், அண்ணன் இப்போது என் வீட்டில் இருக்கிறார்.

அன்று காலை சாப்பிடவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு நெளிந்தார். முந்தின நாள் பஜ்ஜி தின்றிருந்தார். கேஸ்தான் என்று நானே முடிவு கட்டி ஆட்டோவில் ஏற்றினேன்.

டாக்டர் அண்ணனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

“இவருக்கு என்னம்மா பண்ணுதாம்?”

“கேஸ் சார். நேத்து பஜ்ஜி சாப்டாரு.”

அண்ணன் தலையை வேகமாக ஆட்டி, ‘ப்பா... ப்பா...’ என்றார்.

“செத்த சும்மா இருண்ணே, நான்தான் சொல்றேன்ல!” என்று அடக்கினேன். எவ்வளவு பொறுப்பான தங்கச்சி! கேஸுக்கு ஊசி, மாத்திரை எல்லாம் எழுதியாகிவிட்டது.

ஊசி போட வந்த நர்ஸ் அண்ணனின் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றார். வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது.

“யக்கா, நீங்க செத்த நேரம் வெளிய உக்காருங்க. நான் அவர்ட்டயே கேக்குறேன்.”

“அவருக்குத்தான் பேச்சு வராதேம்மா!”

“தெரியும்க்கா. கை வரும்ல?”

எனக்குக் கோபமான கோபம். கூடப் பிறந்தவள் நான். இன்றைக்குப் பார்த்த பெண்ணுக்கு என்ன தெரியும்? கதவு இடுக்கில் எட்டிப் பார்த்தேன். நர்ஸ் ஓ.பி. சீட்டின் பின்பக்கம் ஒரு மனுஷ உருவத்தை வரைந்து அண்ணன் முன்னால் வைத்திருந்தார். ஒரு கேள்வி கேட்டுவிட்டு... சும்மா காத்திருந்தார். அண்ணன் விரல் மெல்ல நகர்ந்து படத்தின் அடிவயிற்றுக்குக் கீழே நின்றது. அடுத்தடுத்த கேள்விக்குத் தலையாட்டினார்.

நர்ஸ் வெளியே ஓடி வந்தார். “நேத்து சாயங்காலத்துலருந்து ஒண்ணுக்கே போகலையாம்க்கா! அடச்சுக்கிட்டு நிக்கிது. இப்படியே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா கிட்னிக்கே ஆபத்து.”

டியூப் போட்ட பிறகுதான் அண்ணனுக்கு மூச்சே வந்தது. எனக்கு அழுகை வந்தது. தங்கச்சி பக்கத்தில் நிற்கும்போது அந்த மனுஷன் எதைத்தான் தொட்டுக் காட்டுவார்?

அன்றிலிருந்து ஒரே குழப்பம். துணைக்குப் போக வேண்டுமா, வேண்டாமா? போனால் பேசலாமா, கூடாதா? எப்போது எழுந்து வெளியே போவது? ஒரு சீட்டின் பின்பக்கமும் கொஞ்சம் பொறுமையும் போதும் என்றால், அது ஏன் எல்லா டாக்டர் மேஜையிலும் இல்லை? யாரைக் கேட்பது என்றும் தெரியவில்லை.

நேற்று மறுபடி போனோம். டாக்டர் இந்தத் தடவை நாற்காலியை அண்ணன் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

“ஐயா, சாப்பாடெல்லாம் எப்படி?”

நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் நேரமாகிறதென்று முணுமுணுத்தார்கள். அண்ணன் நிதானமாக என்னைக் காட்டினார். மூக்கைச் சுளித்தார். இரண்டு கையையும் விரித்தார். பிரஷருக்காக நான் உப்பில்லாமல் ஆக்கிப் போடும் வெஞ்சனத்தைச் சொல்கிறாராம்! டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார்.

நானாக இருந்தால், “நல்லா சாப்புடுறாரு சார்” என்றிருப்பேன்.